இலை பில்லும் கடன் தவணையும்: நீலகிரியில ஊர்க்காரங்க பணம் எப்படி ஓடுது

நீலகிரியில கடனப் பத்திப் பேச்சு எடுத்தாலே எல்லாரும் முதல்ல வட்டி எவ்வளவுன்னுதான் கேக்கறாங்க. அது முக்கியம்தான், ஆனா மலையில விவசாயம் பண்றவங்களுக்கு வட்டிக்கு முன்னாடியே ரெண்டு விஷயம் நிக்குது. ஒண்ணு, பணம் கைக்கு வர்ற நாளும் தவணை கட்ட வேண்டிய நாளும் ஒத்துப் போகுதா. இன்னொண்ணு, கடன் கொடுக்கறவங்க காயிதத்தப் பாக்கறாங்களா ஆளப் பாக்கறாங்களா. இந்த ரெண்டையும் புடிச்சுக்கிட்டுப் பாத்தாத்தான் கூட்டுறவு சங்கம், மகளிர் குழு, ரெப்கோ பேங்க், பழங்குடி மக்களோட கம்பெனின்னு அந்தந்த மக்களே பங்குதாரரா இருக்கற இடங்கள் இங்க ஏன் தேவைன்னு தெரியும், அது எங்க எங்க தடுமாறுதுன்னும் தெரியும்.

ஒரு ஏக்கர், ரெண்டு ஏக்கர் தேயிலை வெச்சிருக்கற குடும்பத்த எடுத்துக்குங்க. மழை விட்டு வெயில் அடிச்சா கொழுந்து தள்ளிக்கிட்டு வரும், அந்த நேரம் பாத்து பறிக்க ஆள் கிடைக்காது, கிடைச்சா கூலி அன்னன்னைக்கே கொடுக்கணும், உரமும் அப்பதான் போடணும். டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் உறைபனி விழும், பள்ளத்துல இருக்கற தோட்டம்னா ஒரே ராத்திரியில செடி கருகிப் போயிடும், அப்புறம் கொஞ்ச நாளைக்கு இலைங்கறதே கிடையாது. இலை கொடுத்த அன்னைக்கே காசும் வராது, மாசம் பூரா எடை போட்டதெல்லாம் சேத்து அடுத்த மாசம்தான் பில்லு வரும். அதுல கிலோவுக்கு எவ்வளவுன்னு பறிக்கும்போது யாருக்கும் தெரியாது, ஏலத்துல தூள் என்ன விலைக்குப் போச்சோ அத வெச்சு டீ போர்டு மாசாமாசம் சொல்ற சராசரி விலையப் பாத்துதான் தெரிஞ்சுக்கணும். அதாவது செலவு தினமும், வரவு மாசத்துக்கு ஒரு தடவை, பனி மாசத்துல வரவே இல்ல. கேரட், உருளைக்கிழங்கு, பூண்டு போடறவங்க நிலைமை இதவிட இறுக்கம், விதை, உரம், மருந்து, ஆள் கூலின்னு எல்லாத்தையும் முன்னாடியே இறக்கிட்டு மூணு நாலு மாசம் காத்துக்கிட்டு இருக்கணும்.

இந்த இடைவெளிக்குத்தான் கடன். சோம்பேறித்தனத்துக்கோ ஆடம்பரத்துக்கோ வாங்கறாங்கன்னு யாராவது சொன்னா எனக்குக் கோவம்தான் வரும்.

சரி, பேங்க்ல போய் வாங்க வேண்டியதுதானேன்னு கேக்கலாம். அங்கதான் காயிதம் வருது. கோத்தகிரி, குந்தா பக்கமெல்லாம் பல குடும்பத்துல பட்டா இன்னும் தாத்தா பேர்லயோ அவரோட அப்பா பேர்லயோ இருக்கு, கூட்டுப் பட்டா, அதுல பேர் இருக்கறவங்க பாதிப் பேர் உயிரோட இல்ல, மீதிப் பேர் கோயமுத்தூர், பெங்களூர்னு போயிட்டாங்க. நிலத்துல உழைக்கறது ஒருத்தர், காயிதத்துல இருக்கறது பத்துப் பேர். கூடலூர், பந்தலூர் போனா இதவிடப் பெரிய சிக்கல். நிலம்பூர் கோவிலகம்ங்கற அரச குடும்பத்துக்குப் பரம்பரைச் சொந்தமா இருந்த ஜென்ம நில உரிமைய ஒழிக்க 1969-ல சட்டம் கொண்டு வந்தாங்க, அந்தச் சட்டத்தோட 17-வது பிரிவுல சிக்கின நிலம்தான் ஊர்ல எல்லாரும் ‘செக்‌ஷன் 17 நிலம்’னு சொல்றது. சட்டம் வந்து அரை நூற்றாண்டுக்கு மேல ஆச்சு, அதுல குடியிருந்து விவசாயம் பண்றவங்க தலைமுறை தலைமுறையா பட்டா இல்லாம இருக்காங்க. பட்டா இல்லன்னா நிலத்த வெச்சு பேங்க்ல ஒரு ரூபா பொறளாது. செடி கண்ணு முன்னாடி நிக்குது, மாசாமாசம் இலை வருது, ஆனா பேங்க் கணக்குல அந்த ஆளுக்கு ஒண்ணுமே இல்ல.

அப்ப யார் கொடுக்கறாங்க? தேயிலைன்னா இலை எடுக்கற ஏஜென்ட், காய்கறின்னா மேட்டுப்பாளையம் மண்டி. இவங்க ரெண்டு பேரும் பட்டா கேக்க மாட்டாங்க, ஆள் தெரியும், தோட்டம் தெரியும், ராத்திரி போன் பண்ணாலும் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் வந்துரும். இத நான் குறைச்சுச் சொல்ல மாட்டேன், நிறைய குடும்பத்தோட அவசரத்துக்கு அந்தப் பணம்தான் நின்னிருக்கு. ஆனா அட்வான்ஸ் வாங்கின மண்டிக்குத்தான் மூட்டைய அனுப்பணும்ங்கறது எழுதாத ஒப்பந்தம். பக்கத்து மண்டியில விலை நல்லா இருக்குன்னு காதுல விழுந்தாலும் அனுப்ப முடியாது. வட்டின்னு தனியா எதுவும் போட மாட்டாங்க, அதனால வட்டியில்லாத பணம் மாதிரி தெரியும், ஆனா விலை, எடை, கழிவு, கமிஷன் இந்த நாலுலயும் கொஞ்சம் கொஞ்சமா அது போய்க்கிட்டே இருக்கும். விலை பேசற உரிமையத்தான் நாம அடகு வெச்சிருக்கோம்னு அந்தப் பில்ல உக்காந்து வரி வரியாப் படிச்சாத்தான் தெரியும்.

மண்டிக்காரர்கிட்ட இருக்கற பலம் அவருக்கு ஆளத் தெரியும்ங்கறது. பேங்க்கிட்ட இருக்கற பலம் வட்டி கம்மி, கணக்கு சுத்தம். இந்த ரெண்டையும் ஒரே இடத்துல கொண்டு வர முடியுமாங்கறதுதான் கூட்டுறவுக் கடனோட மூலக் கேள்வியே. இது புதுசும் இல்ல. ஜெர்மனியில ரைஃபைசன்னு ஒருத்தர் 1860-கள்ல கிராமத்துல ஒருத்தர ஒருத்தர் தெரிஞ்ச விவசாயிங்கள மட்டும் சேத்து, ஒருத்தர் கடனுக்கு எல்லாரும் பொறுப்புன்னு வெச்சு சங்கம் நடத்திக் காட்டினார். மெட்ராஸ் மாகாண அரசாங்கம் ஃபிரடெரிக் நிக்கல்சன்கற அதிகாரிய இதப் பத்தி ஆராயச் சொல்லுச்சு, அவர் 1895-ல கொடுத்த அறிக்கையோட சாரமே நம்ம ஊருக்கும் ஒரு ரைஃபைசனத் தேடிப் புடிங்கங்கறதுதான். அதுக்கப்புறம் 1904-ல கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்துச்சு, அதே வருஷம் இப்போ திருவள்ளூர் மாவட்டத்துல இருக்கற திரூர்ல சங்கம் ஆரம்பிச்சாங்க, நாட்டுலயே முதல் விவசாயக் கூட்டுறவுக் கடன் சங்கம்னு அதத்தான் சொல்றாங்க.

ஆனா சட்டம் வந்து அம்பது வருஷம் ஆகியும் பெருசா எதுவும் நடக்கல. 1951-52-ல ரிசர்வ் பேங்க் நாடு முழுக்க எடுத்த கிராமக் கடன் சர்வேயில விவசாயிங்க வாங்கின கடன்ல கூட்டுறவோட பங்கு 3 சதவீதம் சொச்சம்தான், 70 சதவீதத்துக்குப் பக்கம் வட்டிக்காரங்க கையில இருந்துச்சு. அந்த அறிக்கை சொன்ன ஒரு யோசனை எனக்கு இன்னைக்கும் நீலகிரிக்கு அப்படியே பொருந்தற மாதிரி தோணுது: கடன் கொடுக்கற இடமும் விளைச்சல விக்கற இடமும் ஒண்ணோட ஒண்ணு சேந்து இருக்கணும். மண்டிக்காரர் பண்றதும் அதேதான், வித்தியாசம் மண்டி அவருது, சங்கம் நம்மளுது.

தேயிலையில அந்தச் சேர்க்கைக்கு இடம் ஏற்கனவே இருக்கு. குந்தாவுல 1962-ல ஆரம்பிச்ச கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைக்கு அப்புறம் வரிசையா வந்து இன்னைக்கு இண்ட்கோங்கற பேர்ல 16 கூட்டுறவு ஃபேக்டரி இருக்கு, கட்டபெட்டு, எப்பநாடு, இத்தலார், மஞ்சூர், கிண்ணக்கொரை, பந்தலூர், பிதர்காடுன்னு. இதுக்கெல்லாம் மேல இண்ட்கோசர்வ்னு ஒரு இணையம், 1965-ல ஆரம்பிச்சது. இலை கொடுக்கற சிறு விவசாயிதான் இதுல உறுப்பினர். இலை இங்க வந்தா அந்த மாச பில்லுலயே உரக் கடனோ சங்கக் கடனோ ஒரு பகுதிய புடிச்சுக்கலாம், வசூலுக்கு யாரும் வீட்டு வாசல்ல வந்து நிக்க வேண்டியதில்ல, இலை வராத பனி மாசத்துல பிடித்தமும் தானா கம்மி ஆகும். கடன் தவணைய செடியோட போக்குக்கு விடறதுக்கு இதவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியல. ஆனா நடைமுறையில என்ன ஆகுதுன்னா, கூட்டுறவு ஃபேக்டரி பில்லு தள்ளிப் போனாலோ தனியார் ஃபேக்டரி கிலோவுக்கு ஒரு ரூபா ரெண்டு ரூபா கூட்டிக் கொடுத்தாலோ உறுப்பினரே இலைய ஏஜென்ட்கிட்ட போட்டுடறாங்க, ஃபேக்டரிக்கு இலை கம்மி ஆனா அடக்க விலை ஏறுது, அதனால கொடுக்கற விலை இன்னும் இறங்குது. இலை கொடுக்கறவங்கள திட்டறதுல அர்த்தமில்ல, ஸ்கூல் ஃபீஸ் கட்டற வாரத்துல காசு எங்க கிடைக்குதோ அங்கதான் இலை போகும்.

அடுத்தது தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம், சுருக்கமா சொசைட்டி. ரேஷன் கடைய நடத்தறதும் பல ஊர்ல இதே சொசைட்டிதான், அதனால இந்தக் கட்டடத்துக்குப் போகாத வீடே மலையில கிடையாது. இதுக்கு மேல ஊட்டியில மாவட்ட மத்திய கூட்டுறவு பேங்க், அதுக்கும் மேல மாநில பேங்க், அதுக்கு மேல 1982-ல வந்த விவசாய, கிராமக் கடனுக்கான தேசிய பேங்க் நபார்டு, பணம் இந்தப் படியில இறங்கி வருது. பயிர்க் கடன கெடுவுக்குள்ள கட்டினா தமிழ்நாட்டுல சொசைட்டியில வட்டியே கிடையாது, இது தெரியாமலே நிறையப் பேர் வெளிய நூத்துக்கு மூணு ரூபா வட்டிக்கு வாங்கறாங்க. 2025 ஜனவரியில இருந்து 2 லட்சம் வரைக்கும் விவசாயக் கடனுக்கு அடமானம் கேக்கக் கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் சொல்லியிருக்கு, முன்னாடி 1 லட்சத்து 60 ஆயிரமா இருந்தது. அடமானம் வேண்டாம்னா நிலம் எதுவுமே காட்ட வேண்டாம்னு அர்த்தமில்ல, சாகுபடி பண்றதுக்கு ஆதாரம் கேப்பாங்க, வி.ஏ.ஓ. கையெழுத்துக்கு அலையணும், திரும்ப அதே காயிதப் பிரச்சினை. அதனால சொசைட்டியில கூட ஜனங்க சுலபமா வாங்கறது நகைக் கடன்தான். நகைக் கடன் அவசரத்துக்கு நல்லது, ஆனா அது உழைப்பையோ தோட்டத்தையோ நம்பிக் கொடுக்கற கடன் கிடையாது, கழுத்துல இருக்கறத நம்பிக் கொடுக்கறது. நகை இல்லாத குடும்பத்துக்கு அந்தக் கதவும் மூடிதான் இருக்கு.

அந்தக் குடும்பங்களுக்குத்தான் மகளிர் குழு வேலை செஞ்சுச்சு. 1980-கள்ல மைராடா மாதிரி அமைப்புகள் கர்நாடகாவுல இத ஆரம்பிச்சு, நபார்டு 1992-ல 500 குழுவ வெச்சு பேங்கோட இணைக்கற முயற்சிய பண்ணுச்சு. தமிழ்நாட்டுல மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983-ல வந்தது, 1989-ல தர்மபுரியில குழுக்கள் ஆரம்பிச்சு 1997-98-ல மகளிர் திட்டம்னு மாநிலம் முழுக்கப் போச்சு. வழக்கமா 12 பேர்ல இருந்து 20 பேர் வரைக்கும் இருக்கணும், எட்டாத இடத்துல இருக்கற பழங்குடி ஊர்னா 5 பேர் இருந்தாலே போதும்னு விதியிலயே இடம் இருக்கு.

ஒரு குழுக் கூட்டத்தப் பக்கத்துல உக்காந்து பாத்தா இது எப்படி ஓடுதுன்னு புரியும். எஸ்டேட் தொழிலாளிங்க வரிசையா குடியிருக்கற லயன் வீட்டு முன் அறை, நடுவுல பாய், இரும்புப் பெட்டி, ஊக்குநர் மடியில தீர்மான நோட்டு. முதல்ல சேமிப்பு, ஒவ்வொருத்தர் பாஸ் புக்லயும் எழுதி கையெழுத்து. அப்புறம் போன மாசக் கடன்ல யார் கட்டினது யார் கட்டலைன்னு சத்தமாப் படிப்பாங்க. அப்புறம்தான் முக்கியமான கட்டம், இந்த மாசம் யாருக்குக் கடன். ஒரு அக்கா மகளோட நர்சிங் காலேஜ் ஃபீஸ்னு கேப்பாங்க, இன்னொருத்தர் மாடு வாங்கன்னு கேப்பாங்க, பெட்டியில இருக்கறது ஒருத்தருக்குத்தான் போதும். அங்க சிபில் ஸ்கோர் கிடையாது, ஆனா யார் வீட்டுல பால் எவ்வளவு கறக்குது, யார் வீட்டுக்காரர் சம்பளத்த வீட்டுக்குக் கொண்டு வர்றார், போன தடவை யார் பனி மாசத்துலயும் தவறாம கட்டினாங்க எல்லாம் அந்தப் பன்னெண்டு பேருக்கும் தெரியும். ‘உனக்கு மாடு அடுத்த மாசம் வாங்கினாலும் ஓடும், அவளுக்கு ஃபீஸ் கட்ட திங்கக்கிழமை கடைசி நாள்’னு ஒருத்தர் சொல்ல, மாட்டுக்காரங்களே தலையாட்டி விட்டுக் கொடுப்பாங்க. எந்த பேங்க் மேனேஜராலயும் எடுக்க முடியாத முடிவு அது.

கணக்கையும் பாருங்க. 10,000 ரூபா, நூத்துக்கு மாசம் ரெண்டு ரூபா வட்டி, பத்து மாசத்துல அசல் 1,000 1,000-மா கட்டறதுன்னு வெச்சுக்குவோம். குழுவுல மீதி அசலுக்குத்தான் வட்டி, முதல் மாசம் 200, அடுத்து 180, அப்படியே இறங்கி கடைசியில 20, மொத்தம் 1,100 ரூபா. அதே ரெண்டு ரூபா வட்டிய வெளிய ஃப்ளாட்டா, அதாவது கடைசி வரைக்கும் முழு அசலுக்கும் போட்டா பத்து மாசத்துக்கு 2,000. சொல்ற வட்டி ஒண்ணுதான், கட்டற பணம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. அதோட குழுவுல கட்டின 1,100-உம் எங்கயும் போகாது, அதே பெட்டியில சேந்து அடுத்த அக்காவுக்குக் கடனா போகும். குழு நல்லா நடந்தா பேங்க் லோன் வரும், 10 லட்சம் வரைக்கும் ஜாமீன் எதுவும் கேக்கக் கூடாதுங்கறது விதி, 3 லட்சம் வரைக்குமான கடனுக்கு வட்டி 7 சதவீதம்.

இந்தக் குழுங்கற அமைப்பையே தனியார் மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனிகளும் எடுத்துக்கிச்சு, ஆனா உள்ள இருந்த சாரம் மாறிப் போச்சு. அங்கயும் பெண்கள்தான் சேந்து உக்கார்றாங்க, ஒருத்தருக்கு ஒருத்தர் பொறுப்புதான், ஆனா சேமிப்பு கிடையாது, யாருக்குக் கொடுக்கணும்னு முடிவு பண்றது அவங்க கிடையாது, வட்டி வருஷத்துக்கு 20 சதவீதத்துக்கு மேல, அது மலைய விட்டு இறங்கிப் போயிடுது. எல்லாத்தையும் விட வாரத் தவணை. மாசத்துக்கு ஒரு தடவை இலை பில்லு வாங்கற குடும்பம் வாரா வாரம் எங்க இருந்து எடுக்கும்? ஒரு கம்பெனிக்குக் கட்ட இன்னொண்ணுல வாங்கறது, அதுக்குக் கட்ட நகைய வெக்கறதுன்னு போகுது. 2010-ல ஆந்திராவுல இது வெடிச்சப்புறம் விதிகள் இறுகிச்சு. 2022 ஏப்ரல்ல இருந்து அமல்ல இருக்கற ரிசர்வ் பேங்க் விதிப்படி ஒரு குடும்பத்தோட எல்லாக் கடன் தவணையும் சேந்து மாச வருமானத்துல பாதிக்கு மேல போகக் கூடாது, வட்டி எவ்வளவு எப்படின்னு வாங்கறவங்களுக்குப் புரியற மொழியில எழுதிக் கொடுக்கணும், காலையில 9 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 6 மணிக்கு அப்புறமும் வசூலுக்குத் தொந்தரவு பண்ணக் கூடாது. கட்டறவங்க வசதிக்கு ஏத்த மாதிரி தவணை இடைவெளிய வெக்கவும் கம்பெனிக்குக் கொள்கை இருக்கணும்னு அதுலயே இருக்கு. அதனால மாசத் தவணை வேணும்னு கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடியே கேட்டுப் பாருங்க, கேக்கறது சலுகை கிடையாது.

மலையில இன்னும் ரெண்டு கதை சொல்லணும். 1964-ல சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் வந்து இலங்கையில இருந்து லட்சக்கணக்கான தமிழர்கள் தாயகம் திரும்பினாங்க, நீலகிரிக்கு வந்தவங்களுக்காக 1968-ல தேயிலைத் தோட்ட வேலை ஆரம்பிச்சுதான் டான்டீங்கற அரசுத் தேயிலைத் தோட்ட நிறுவனம் உருவாச்சு. வேலை கொடுத்தாங்க சரி, ஊர்ல நிலம் இல்ல, சொந்தம் இல்ல, ஜாமீன் கையெழுத்துப் போட ஆள் இல்ல, இவங்களுக்கு யார் கடன் கொடுப்பா? பர்மாவுல இருந்தும் இலங்கையில இருந்தும் திரும்பினவங்களுக்காக 1969-ல ஆரம்பிச்ச கூட்டுறவு பேங்க்தான் ரெப்கோ. தாயகம் திரும்பினவங்களே அதுல பங்குதாரர், மத்திய அரசும் தென் மாநில அரசுகளும் கூட பங்கு வெச்சிருக்கு. வெறும் கையோட வந்த ஒரு சமூகத்த நம்பி அவங்க பேர்லயே ஒரு பேங்க் ஆரம்பிச்சது சாதாரண விஷயமில்ல.

இன்னொண்ணு பழங்குடி மக்களோடது. தேன், கடுக்காய், நெல்லின்னு காட்டுல எடுக்கறவங்கள அட்வான்ஸ் கொடுத்து கட்டிப் போடறது ரொம்ப நாளா நடக்கறது, மண்டி அட்வான்ஸோட அதே கயிறு. கோத்தகிரியில 1993-ல இருந்து வேலை செய்யற கீஸ்டோன் அமைப்போட துணையோட 2013-ல ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் கம்பெனி வந்துச்சு. அது கடன் கொடுக்கறதுக்குன்னு வந்த கம்பெனி கிடையாது, ஆனா பொருள நியாயமான விலைக்கு எடுத்துக்கற இடம் பக்கத்துல இருந்தா அட்வான்ஸுக்குக் கை நீட்டற தேவையே பாதி குறைஞ்சு போகுது. 147 ஊர்கள்ல 1,700 பேர் வரைக்கும் உறுப்பினர், 2021-ல ஐ.நா.வோட ஈக்வேட்டர் விருது வாங்கினாங்க. கூடலூர்ல 1986-ல ஆரம்பிச்ச அக்கார்டுங்கற தொண்டு அமைப்பும் ஆதிவாசி முன்னேற்ற சங்கமும் வேற வழியில போனாங்க, ஆதிவாசிங்க மீட்ட நிலத்துல தேயிலை நட்டு நிக்க வெச்சாங்க, செடி வேர் புடிச்ச நிலத்துல இருந்து ஆள வெளியேத்தறது லேசுல நடக்காது.

இவ்வளவும் சொல்லிட்டு குறையச் சொல்லாம விட்டா அது சரியா இருக்காது. 2021 பிப்ரவரியில 16 லட்சத்து 43 ஆயிரம் விவசாயிங்களோட 12,110 கோடி கூட்டுறவுப் பயிர்க் கடன் தள்ளுபடின்னு அறிவிச்சாங்க, அதே வருஷம் அடுத்த அரசாங்கம் 5 பவுன் வரைக்கும் நகைக் கடன் தள்ளுபடின்னு அறிவிச்சுது. நொந்து போன குடும்பத்துக்கு அது மூச்சு விட்ட மாதிரி இருந்துச்சு, அத யாரும் மறுக்க முடியாது. ஆனா கெடுவுக்குள்ள ஒழுங்காக் கட்டி முடிச்சவங்களுக்கு ஒண்ணும் இல்ல, அடுத்த தேர்தல் வரைக்கும் இழுத்துப் பாப்போம்ங்கற நெனப்பு சொசைட்டிக்குள்ள வந்துருது. மண்டிக்கு இந்தப் பிரச்சினை கிடையாது. மகளிர் குழுவோட சொந்தச் சேமிப்புல கொடுத்த கடனுக்கும் கிடையாது, ஏன்னா அது யார் பணம்னு பாயில உக்காந்திருக்கற எல்லாருக்கும் தெரியும்.

அதவிடப் பெரிய பலவீனம் ஒண்ணு இருக்கு, இதப் பத்தி யாரும் பேசறதில்ல. ஊர்க்காரங்க எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் தெரிஞ்சவங்கங்கறது பலம்னா, எல்லாரும் ஒரே இலைய நம்பி இருக்காங்கங்கறது அதே சங்கத்தோட ஆபத்து. ஒருத்தர் வீட்டுல மட்டும் கஷ்டம்னா மத்தவங்க தாங்குவாங்க, தேயிலை விலையே விழுந்தா தாங்கறதுக்கு யார் இருக்கா? சோவியத் யூனியன் உடைஞ்சு பெரிய சந்தை கை விட்டுப் போயி, 90-கள் கடைசியில பச்சை இலை விலை சரிஞ்சப்ப நீலகிரியில நடந்தது இதுதான், கட்ட வேண்டியவங்க எல்லாருமே ஒரே நேரத்துல கட்ட முடியாம நின்னாங்க. தேயிலை, காப்பி, ரப்பர் விவசாயிங்களுக்காக மத்திய அரசு 2003-ல விலை நிலைப்படுத்தும் நிதின்னு ஒண்ணு கொண்டு வந்துச்சு, சேந்தவங்க கம்மி, 2013-ல அதுவும் முடிஞ்சு போச்சு.

மேல இருந்து அப்படி ஒண்ணு திரும்ப வர்ற வரைக்கும் காத்திருக்காம, சங்கத்துக்குள்ளயே சின்னதா ஒண்ணு ஆரம்பிக்க முடியும்னு நான் நம்பறேன். கொழுந்து தள்ளற மாசத்துல கிலோவுக்கு 50 பைசா உறுப்பினர் பேர்லயே தனிக் கணக்குல போட்டு வெச்சா, மாசம் 500 கிலோ கொடுக்கற குடும்பத்துக்கு 250 ரூபா சேரும், பனி மாசத்துலயோ விலை விழுந்த மாசத்துலயோ முதல் தவணைய அதுல இருந்து கழிச்சுக்கலாம், மீதி அவங்களுக்கே. இதுக்குப் பெரிய திட்டம், அதிகாரி, மானியம் எதுவும் தேவையில்ல, எடை போடற இடத்துலயே இன்னொரு கட்டம் போட்ட நோட்டு போதும். பொதுப் பேரவைக் கூட்டம் வருஷா வருஷம் நடக்குது, பாதி உறுப்பினர் கையெழுத்துப் போட்டு டீ குடிச்சுட்டு வந்துடறோம், அந்தக் கூட்டத்துல இத எடுத்து வெக்கச் சொல்லி நாலு பேர் சேந்து முன்கூட்டியே எழுதிக் கொடுக்கலாம்.